சின்ன ஆப்புக்கு எந்த பிளாட்பார்ம்? நாளைக்கே கதவை சாத்தினா கையில என்ன மிஞ்சும்னு பாத்து எடுப்போம்

பெங்களூர்ல இருக்கற தமிழ் ஆளுங்களுக்கு ஒரு அலர்ட் சர்வீஸ் பண்ணலாம்னு எங்க செட்ல பேச்சு ஓடிட்டு இருக்கு. ஐடியா சிம்பிள்தான், பெஸ்காம் எந்த ஏரியால கரண்ட் கட் பண்றாங்க, வாட்டர் போர்டு எங்க தண்ணி நிறுத்தறாங்க, டிராஃபிக் போலீஸ் எந்த ரோட்டை மூடறாங்க, இதெல்லாம் கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் அங்கங்க வந்துட்டே இருக்கு, அதை ஏரியா வாரியா பிரிச்சு தமிழ்ல அனுப்பணும், அவ்ளோதான். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் மூணு தலைமுறையா இருக்கறவங்களுக்கு கன்னடம் தண்ணி பட்ட பாடு, அவங்களுக்கு நம்ம தயவு வேணாம். இது போன வருஷம் சேலத்துலேந்து வந்து எலக்ட்ரானிக் சிட்டி பிஜில தங்கியிருக்கற பசங்களுக்கு, பேரனைப் பாத்துக்க வந்து மாரத்தஹள்ளி ஃபிளாட்ல பகல் முழுக்க தனியா இருக்கற அம்மா அப்பாக்களுக்கு. கூடவே ஊருக்குப் போற டிரெயின் புக்கிங் எப்ப ஓப்பன் ஆகும்னு ஒரு ரிமைண்டர்.

கோடு எழுதறது பெரிய வேலையே இல்ல. சண்டை வர்றது இதை எது மேல கட்டறதுங்கறதுலதான். ஒருத்தன் எக்ஸ்தான் (பழைய ட்விட்டர்)ங்கறான், செட்ல மூத்தவர் ஒருத்தர் இருக்கார், அவர் "டேய் வாட்ஸ்அப் இல்லாம இந்தியால எதுவும் ஓடாதுடா"ங்கறார், இன்னொருத்தன் டெலிகிராம், ஒரே ஒருத்தன் மட்டும் மாஸ்டடான் மாஸ்டடான்னு (ட்விட்டர் மாதிரிதான், ஆனா யார் வேணா சொந்தமா சர்வர் நடத்தலாம்) ஜெபிச்சிட்டு இருக்கான். இதே மாதிரி சின்னதா ஏதாவது பண்ணப் போறவங்க நிறைய பேர் இருப்பீங்கன்னு தோணுது, அதான் நான் ஒப்பிட்டுப் பாத்ததை இங்க போடறேன்.

நான் வெச்சுக்கிட்ட அளவுகோல் ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் காலைல அந்த கம்பெனி ஏபிஐயை, அதாவது வெளி ஆப் உள்ள வந்து டேட்டா எடுக்கவும் போடவும் விடற கதவை, மூடிட்டா, அல்லது விலையை பத்து மடங்கு ஏத்திட்டா, நம்ம கையில என்ன மிஞ்சும்? யூசர் லிஸ்ட் மிஞ்சுமா, பழைய டேட்டா மிஞ்சுமா, வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா? இன்னைக்கு ஃப்ரீயா, ஃபீச்சர் எவ்ளோ இருக்கு, டாக்குமெண்டேஷன் எப்படிங்கறதெல்லாம் அடுத்த கேள்விதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பிரிச்சுக்கணும். பிளாட்பார்ம்லேந்து நாம எடுக்கறது வேற, பிளாட்பார்ம் வழியா நாம கொடுக்கறது வேற. பெஸ்காம் போஸ்ட்டைப் படிக்கறது எடுக்கறது, யூசருக்கு மெசேஜ் அனுப்பறது கொடுக்கறது. பல பேர் இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கறாங்க, ரெண்டுக்கும் ஒரே இடத்தைத் தேடறாங்க. தேவையே இல்ல.

சரி, எக்ஸ்லேந்தே ஆரம்பிப்போம், ஏன்னா இவங்க கதை தெரிஞ்சா மத்தவங்க கதை பாதி புரிஞ்சிரும்.

ட்விட்டர் 2006ல வந்தது, அதே வருஷம் ஏபிஐயும் திறந்து விட்டாங்க. அப்ப அவங்க கையில ஒழுங்கான மொபைல் ஆப் கிடையாது, வெளி ஆளுங்கதான் எல்லாத்தையும் கட்டினாங்க. அந்தப் பறவை படம் முதல்ல வந்தது ட்விட்டரிஃபிக்னு ஒரு வெளி ஆப்ல. கீழ இழுத்து விட்டா ரிஃப்ரெஷ் ஆகுதே, இன்னைக்கு எல்லா ஆப்லயும் இருக்கு, அது ட்வீட்டின்னு இன்னொரு வெளி ஆப்ல வந்தது, 2010ல ட்விட்டர் அதை விலைக்கு வாங்கி தன்னோட சொந்த ஆப்பா மாத்திக்கிச்சு. வாங்கின அடுத்த வருஷமே, 2011 மார்ச்ல, இனிமே எங்க ஆப் மாதிரியே யாரும் ஆப் கட்டாதீங்கன்னு டெவலப்பர்களுக்குச் சொல்லியாச்சு. 2012 ஆகஸ்ட்ல இன்னும் இறுக்கினாங்க, புதுசா வர்ற கிளையண்ட் ஆப்புக்கு (ட்விட்டரைப் படிக்க, எழுத வெச்சிருக்கற வெளி ஆப்) 1,00,000 யூசர் டோக்கன்தான், அதாவது அவ்ளோ பேர்தான் லாகின் பண்ணலாம், அதுக்கு மேல வேணும்னா எங்ககிட்ட வந்து பர்மிஷன் கேளுன்னு. இதுல ஒரு வேடிக்கை நடந்துச்சு, ஃபால்கன் ப்ரோன்னு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் அந்த லிமிட்டைத் தொட்டதும் அதோட டெவலப்பர் புதுசா யாரும் வாங்கிடக் கூடாதுன்னே விலையை 132 டாலருக்கு ஏத்தி வெச்சார். ஆப் பிரபலமாச்சுன்னா அது தண்டனைங்கற நிலைமை.

அப்புறம் 2015ல ட்விட்டர் சிஇஓ ஜாக் டோர்சி டெவலப்பர் மாநாட்டுல மேடை ஏறி மன்னிப்புக் கேட்டார், இனி ஒழுங்கா இருப்போம்னார். 2018ல ரியல் டைமா ட்வீட் வர்ற ஸ்ட்ரீமிங் ஏபிஐயை நிறுத்தினாங்க, ஆப்ல நோட்டிஃபிகேஷன் எல்லாம் நொண்டி அடிச்சுது. 2021 பக்கம் ஏபிஐ வி2ன்னு கொண்டு வந்து மறுபடி வாங்க வாங்கன்னாங்க, போட்டி ஆப் கட்டக் கூடாதுங்கற வரியைக் கூட எடுத்தாங்க. நம்பி சில பேர் வந்தாங்க. 2023 ஜனவரி 12 ராத்திரி ட்வீட்பாட்ங்கற இன்னொரு வெளி ஆப், ட்விட்டரிஃபிக் ரெண்டும் திடீர்னு லாகின் ஆகல. யாரும் எதுவும் சொல்லல. பல நாள் கழிச்சு "நீண்ட நாளா இருக்கற ரூல்ஸைத்தான் அமல்படுத்தறோம்"னு ஒரு ட்வீட், என்ன ரூல்னு கேட்டா பதில் இல்ல, அப்புறம் 19ம் தேதி அந்த ரூலையே புதுசா அக்ரிமெண்ட்ல எழுதிச் சேத்தாங்க. பெங்களூர் ஹவுஸ் ஓனர் பத்து மாச அட்வான்ஸ் வாங்குவார், காலி பண்ணும்போது பெயிண்டிங் சார்ஜ்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சிட்டுத்தான் மீதியைத் தருவார், ஆனா அவர் கூட ரெண்டு மாசம் நோட்டீஸ் கொடுப்பாருங்க.

இதுல அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் ரீஃபண்ட். அந்த ஆப் எல்லாம் வருஷ சந்தா வாங்கிட்டு இருந்துச்சு. கதவை சாத்தினது ட்விட்டர், ஆனா மீதி மாசத்துக்கான காசை ஆப்பிள் திருப்பி எடுக்கறது டெவலப்பர் பாக்கெட்லேந்து. ஏற்கனவே செலவழிஞ்சு போன காசு அது. கடைசில அந்த ரெண்டு சின்ன கம்பெனியும் "தயவுசெஞ்சு ரீஃபண்ட் வேணாம்னு சொல்லுங்க"ன்னு யூசர்கள்கிட்டக் கேக்க வேண்டிய நிலைமை. சந்தா வாங்கி ஆப் நடத்தப் போறவங்க இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கணும், இன்னொருத்தன் பிளாட்பார்ம் மேல நின்னுக்கிட்டு வருஷ சந்தா வாங்காதீங்க, மாசக் கணக்குல வாங்குங்க.

விலை எப்படின்னா, 2023 மார்ச் கடைசில புது பிளான் விட்டாங்க. ஃப்ரீல மாசம் 1,500 போஸ்ட் போடலாம், படிக்க முடியாது. பேசிக் 100 டாலர், மாசம் 10,000 போஸ்ட் படிக்கலாம். அதுக்கு மேல ப்ரோன்னு 5,000 டாலர்ல ஒண்ணு வந்துச்சு, எண்டர்பிரைஸ் மாசம் 42,000 டாலர்லேந்து ஆரம்பம்னு செய்தி வந்துச்சு, அன்னைக்கு ரேட்ல 34 லட்சம் ரூபா பக்கம். 2024ல பேசிக்கை 200 ஆக்கினாங்க, நம்ம காசுக்கு 17,000 தாண்டும், பிடிஎம் லேஅவுட்ல ஒன் பிஎச்கே வாடகை அது. நம்ம சர்வீஸுக்கு இது எவ்ளோ தாங்கும்னு கணக்குப் போட்டேன், 20 அரசு அக்கவுண்டை ஃபாலோ பண்ணி ஒவ்வொண்ணும் நாளைக்கு 15 போஸ்ட் போட்டா மாசம் 9,000, அதாவது 2023ல வெச்ச அந்த 10,000 லிமிட்னா கிட்டத்தட்ட காலி, ஒரு மழை நாள் வந்துச்சுன்னா டிராஃபிக் போலீஸ் அக்கவுண்ட் மட்டுமே மிச்சத்தை சாப்பிட்டுரும். இந்தத் தொகை எல்லாம் மாறிட்டே இருக்கும், நீங்க படிக்கும்போது வேற மாதிரி இருக்கலாம். மாறிட்டே இருக்குங்கறதுதான் பிரச்சனையே.

ஸ்க்ரேப் பண்ணிட்டா, அதாவது ஏபிஐ இல்லாம வெப் பக்கத்துலேந்தே ப்ரோக்ராம் வெச்சு உருவிட்டா, போச்சுங்கறான் எங்க செட்ல ஒருத்தன். 2023 ஜூலைல என்ன பண்ணாங்கன்னு பாருங்க, ப்ளூ டிக் இல்லாதவங்க நாளைக்கு 600 போஸ்ட்தான் பாக்கலாம்னே லிமிட் போட்டாங்க, மனுஷங்களுக்கே! அதுக்கு ஒரு நாள் முன்னாடிதான் லாகின் இல்லாம ட்வீட்டைத் திறக்கவே முடியாதுன்னு வேற ஆக்கினாங்க. இந்த மாதிரி இடத்துல ஸ்க்ரேப்பரை நம்பி கரண்ட் கட் அலர்ட் கொடுக்கறது வேண்டாத வேலை, என்னிக்கு உடையும்னு நமக்கே தெரியாது.

நியூயார்க் மெட்ரோ, பஸ் நடத்தற எம்டிஏவே 2023 ஏப்ரல்ல எங்க சர்வீஸ் அலர்ட் இனிமே ட்விட்டர்ல வராதுன்னு வெளிய வந்துட்டாங்க. மாசம் 50,000 டாலர் வரை ஆகும்னு அப்ப செய்தி வந்துச்சு. அடுத்த வாரமே ட்விட்டர் இறங்கி வந்து அரசு சேவை அலர்ட்டுக்கு ஃப்ரீன்னுச்சு, எம்டிஏவும் திரும்பி வந்துட்டாங்க. எம்டிஏ சத்தம் போட்டா கேக்கறாங்க. நாம சத்தம் போட்டா? ஆக எக்ஸ், என்னைப் பொறுத்தவரை, அந்த பில்லை வேற யாராவது கட்டறாங்கன்னா மட்டும்தான். கம்பெனி பிராண்ட் மானிட்டரிங் டூல் பண்றீங்க, கஸ்டமர்கிட்ட அந்தச் செலவை அப்படியே வாங்கிக்கலாம்னா ஓகே.

ரெட்டிட். எங்க சர்வீஸுக்கு இது நேரடியாத் தேவை இல்ல, ஆனா பெங்களூர் சப்ரெட்டிட்ல (ரெட்டிட்டுக்குள்ள இருக்கற குழு) வாடகை, தண்ணி, ஆட்டோன்னு பேச்சு ஓடிட்டே இருக்கும், அதை எடுக்கலாமான்னு யோசிச்சோம். 2023ல அவங்க விலை வெச்சது 1,000 கால்-க்கு (ஆப் ஒரு தடவை டேட்டா கேட்டா ஒரு கால்) 0.24 டாலர். கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. அப்பல்லோன்னு ஐபோன் ஆப் பண்ணின கிறிஸ்டியன் செலிக் கணக்குப் போட்டுக் காட்டினார், அவர் ஆப் மாசம் 700 கோடி கால் பண்ணுது, வருஷத்துக்கு 2 கோடி டாலர் பில். ஒரு சராசரி யூசர் நாளைக்கு 344 கால், ஆளுக்கு மாசம் 2.50 டாலர் வரும்னார். யூசர்கிட்ட அந்தக் காசை வாங்கி நடத்திருக்கலாமோன்னு எனக்கும் தோணுச்சு, ஆனா விலையைச் சொன்னது மே கடைசில, அமலுக்கு வந்தது ஜூலை 1. வருஷ சந்தா கட்டினவங்களை வெச்சுக்கிட்டு 30 நாள்ல எப்படிங்க மாத்தறது? ஜூன் 12 அன்னைக்கு 8,000க்கு மேல சப்ரெட்டிட் இருட்டாக்கி போராட்டம் பண்ணாங்க, நிர்வாகம் அசையல. ஜூன் 30 அப்பல்லோ, ரெட்டிட் இஸ் ஃபன், சிங்க் எல்லாம் ஒரே நாள்ல போயிருச்சு. கண் தெரியாதவங்க பயன்படுத்தற சில ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தாங்க, அதுவும் கத்தின அப்புறம்தான்.

ஏன் இப்படி எல்லாரும் ஒரே நேரத்துல மூடறாங்கன்னு கேட்டா, பழைய காரணம் விளம்பரம், வெளி ஆப்ல அவங்க விளம்பரம் தெரியாது. புதுக் காரணம் ஏஐ. இவ்ளோ வருஷம் ஜனங்க எழுதினதை எல்லாம் ஏஐ கம்பெனிக்கு விக்கலாம்னு தெரிஞ்சு போச்சு. ரெட்டிட் 2024 மார்ச்ல ஷேர் மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி தாக்கல் பண்ணின பேப்பர்லயே டேட்டா லைசென்ஸ் ஒப்பந்தம் மொத்தமா 20 கோடி டாலருக்கு மேலன்னு போட்டிருந்தாங்க. அந்த மாதிரி சரக்கை சும்மா ஏபிஐ வழியா யார் அள்ளிட்டுப் போக விடுவா, நம்ம வீக்கெண்ட் ப்ராஜெக்ட் எல்லாம் அந்த சண்டைல நடுவுல மாட்டின ஆளு.

ரெட்டிட்ல சின்ன அளவுல, காசு சம்பாதிக்காத ஸ்கிரிப்ட்டுக்கு நிமிஷத்துக்கு 100 கால் ஃப்ரீன்னு அப்ப சொன்னாங்க. படிக்கறதுக்கு மட்டும்னா பாக்கலாம். அது மேல தொழில் கட்டாதீங்க.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் நடத்தற மெட்டா விஷயம் கொஞ்சம் சிக்கல், ஏன்னா இவங்க மூடினதுல ஒரு பாதி நியாயமானது. 2014ல அறிவிச்சு 2015 ஏப்ரல்ல ஃபேஸ்புக் நிறுத்தினது என்னன்னா, நான் ஒரு ஆப்புக்கு பர்மிஷன் கொடுத்தா என் ஃப்ரெண்டு லிஸ்ட்ல இருக்கறவங்க தகவலையும் அந்த ஆப் அள்ளிக்கலாம்ங்கற வசதியை. அது இருந்ததே தப்பு. அந்த ஓட்டை வழியா ஏற்கனவே போன தகவல்தான் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாங்கற அரசியல் பிரச்சாரக் கம்பெனி கையில சிக்குச்சு, 2018ல வெளிய வந்தப்ப 8.7 கோடி பேர் வரைன்னு ஃபேஸ்புக்கே சொல்லுச்சு. அதனால எவனாவது ஏபிஐயை மூடினாலே அநியாயம்னு நான் கொடி பிடிக்க மாட்டேன். ஆனா அதே ஃபேஸ்புக்தான் 2013 ஜனவரில வைன்னு ட்விட்டரோட வீடியோ ஆப் வந்த அன்னைக்கே அதுக்கு ஃப்ரெண்டு தேடற வசதியை வெட்டுச்சு, ஜுக்கர்பெர்க் ஓகே சொன்ன மெயில் 2018ல பிரிட்டிஷ் பார்லிமெண்ட் வெளியிட்ட பேப்பர்ல வந்துச்சு. பிரைவசின்னு சொல்லி மூடறதும் போட்டிக்காக மூடறதும் வெளிலேந்து பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் வரிசையா மூடினாங்க. 2018 ஏப்ரல்ல இன்ஸ்டாகிராம் ஏபிஐ லிமிட் மணிக்கு 5,000 கால்-லேந்து 200க்கு இறங்குச்சு, முன்னறிவிப்பே இல்லாம. 2024 ஏப்ரல்ல ஃபேஸ்புக் க்ரூப்ஸ் ஏபிஐ போச்சு, ஆகஸ்ட்ல எந்த போஸ்ட் பரவுதுன்னு ஆய்வாளர்கள் பாக்கற கிரவுட்டேங்கிள் போச்சு, டிசம்பர்ல இன்ஸ்டாவோட பேசிக் டிஸ்பிளே ஏபிஐ போச்சு, அதாவது சாதா பர்சனல் அக்கவுண்டைத் தொடற வழியே அடைஞ்சிருச்சு, இப்ப பிசினஸ் அல்லது கிரியேட்டர் அக்கவுண்ட் இருந்தாத்தான். க்ரூப்ஸ் ஏபிஐ போனது எங்களுக்கு வலிக்குது, ஏன்னா பெங்களூர் தமிழ் மக்கள் ஃபேஸ்புக் க்ரூப்லதான் நிறைய பேர் இருக்காங்க, வீடு வேணுமா, சமையலுக்கு ஆள் வேணுமா, பொங்கல் விழா எங்க நடக்குது எல்லாம் அங்கதான். அங்க ஆட்டோமேட்டிக்கா ஒரு போஸ்ட் போடக் கூட இப்ப வழி இல்ல, அட்மினைப் பிடிச்சு கையால போடணும். பரவால்ல, அதைக் கையாலேயே போட்டுக்கலாம்.

வாட்ஸ்அப்தான் பெரிய கேள்வி. மூத்தவர் சொல்றது தப்பில்ல, அம்மா அப்பாக்கள் அங்கதான் இருக்காங்க, வேற ஆப் இறக்குன்னா இறக்க மாட்டாங்க. 2022 மே மாசத்துலேந்து கிளவுட் ஏபிஐ இருக்கு, சின்ன ஆளும் எடுக்கலாம், ஆனா பிசினஸ் வெரிஃபிகேஷனுக்கு கம்பெனி பேப்பர் வேணும், நாமளா போய் முதல்ல பேசற மெசேஜ் எல்லாம் டெம்ப்ளேட்டா எழுதி அப்ரூவ் வாங்கணும், யூசர் நமக்கு எழுதினா 24 மணி நேரம் ஃப்ரீயா பேசலாம், அதைத் தாண்டினா திரும்ப டெம்ப்ளேட்தான். 2025 ஜூலைலேந்து டெம்ப்ளேட்டுக்கு மெசேஜ் கணக்குல காசு, மார்க்கெட்டிங் வகைக்கு அதிகம், யுட்டிலிட்டிக்கு (யூசருக்குத் தேவையான தகவல்) ரொம்பக் கம்மி. நம்ம அலர்ட் யுட்டிலிட்டின்னு நாம நினைப்போம். அவங்க மார்க்கெட்டிங்னு முடிவு பண்ணா? அந்த முடிவு நம்ம கையில இல்ல.

இன்னொண்ணு, 2025 அக்டோபர்ல ஒரு ரூல் விட்டாங்க, பொதுவா எல்லாம் பேசற ஏஐ சாட்பாட்டை வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐல நடத்தக் கூடாது, 2026 ஜனவரி 15லேந்து அமல்னு. ஓப்பன்ஏஐ மாதிரி பெரிய ஆளே அங்கேந்து பெட்டியைக் கட்ட வேண்டியதாச்சு. மெட்டாவோட சொந்த ஏஐ அங்கேயே இருக்கு, பாத்துக்கோங்க. இருந்தாலும் வாட்ஸ்அப்ல ஒரு நல்லது உண்டு, யூசரோட போன் நம்பர் நம்மகிட்ட இருக்கும். அவங்க நம்மைத் துரத்தினாலும் அந்த நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்பி "இங்க வந்துட்டோம்"னு சொல்லலாம், மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்பறவங்க டிஎல்டிங்கற சிஸ்டத்துல ரெஜிஸ்டர் பண்ற தலைவலி தனி. என் அளவுகோல்ல இது பெரிய மார்க்.

அன்அஃபிஷியல் லைப்ரரி போட்டு வாட்ஸ்அப் வெப் வழியா அனுப்பறவங்க இருக்காங்க, கிட்ஹப்ல கொட்டிக் கிடக்கு. நம்பரே பேன் ஆகும். பேன் ஆகறது உங்க பேங்க் ஓடிபி வர்ற நம்பரா இருக்க வேணாம், அவ்ளோதான் சொல்வேன்.

யூடியூப் சீக்கிரம் முடிச்சிரலாம். ஒரு நாளைக்கு 10,000 யூனிட் கோட்டா, ஒரு சர்ச்சுக்கு 100 யூனிட், அப்ப நாளைக்கு 100 தேடல்தான். ஆனா சேனல்ல புது வீடியோ வந்திருக்கான்னு பாக்க மட்டும்னா ஏபிஐயே வேணாம், ஒவ்வொரு சேனலுக்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட் (புதுசா வந்ததை வரிசையாக் காட்டற ஃபைல்) இருக்கு, கடைசி 15 வீடியோ அதுல வரும், கீ கிடையாது கோட்டா கிடையாது. நிறைய பேருக்கு இது தெரியல.

டெலிகிராம். பாட் ஏபிஐ 2015 ஜூன்லேந்து இருக்கு, அவங்களோட பாட்ஃபாதர்ங்கற பாட்கிட்ட (தானா பதில் சொல்ற அக்கவுண்ட்) பேசினா ரெண்டு நிமிஷத்துல டோக்கன், வெரிஃபிகேஷன் கிடையாது, காசு கிடையாது. செகண்டுக்கு 30 மெசேஜ் பக்கம் அனுப்பலாம், அப்ப 10,000 பேருக்கு ஒரு அலர்ட் போய்ச் சேர ஆறு நிமிஷத்துக்குள்ள ஆகும், கரண்ட் கட்டுக்கு இது தாராளம். பாட்னு இல்ல, முழு கிளையண்ட் ஆப்பே நீங்க கட்டலாம், அதுக்கு டிடிலிப்னு லைப்ரரி அவங்களே கொடுக்கறாங்க. ட்விட்டர் 2011ல கட்டாதேன்னதை இவங்க கட்டிக்கோன்னு விட்டு வெச்சிருக்காங்க, இத்தனை வருஷமா.

ஆனா அளவுகோலை வெச்சுப் பாத்தா கொஞ்சம் இடிக்குது. பாட்ல வர்ற யூசரோட போன் நம்பர் நமக்குக் கிடைக்காது, அவரா ஷேர் பண்ணாத்தான். கிடைக்கறது ஒரு சாட் ஐடி, அது அந்த பாட்டுக்கு வெளிய ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல. பாட் போச்சுன்னா லிஸ்ட்டும் போச்சு. 2024ல டிஜிட்டல் சரக்கு விக்கறதுன்னா எங்க ஸ்டார்ஸ்லதான் (டெலிகிராமோட சொந்த டோக்கன் காசு) விக்கணும்னு ரூல் போட்டாங்க, கதவு இன்னும் திறந்துதான் இருக்கு, ஆனா வாசல்ல உண்டியல் வெச்சாச்சு. அரசாங்கம் தடை பண்ற ரிஸ்க்கும் இருக்கு. ரஷ்யால 2018லேந்து 2020 வரைக்கும் தடை, பிரேசில்ல கோர்ட் ஆர்டர்ல கொஞ்ச நாள் நின்னுச்சு. நம்ம ஊர்ல 2020 ஜூன்ல டிக்டாக் உள்பட 59 ஆப் ஒரே ராத்திரில போனதைப் பாத்தவங்கதானே நாம.

ஓப்பன் சோர்ஸ்னா அந்த பயம் இல்லைன்னு எங்க மாஸ்டடான் பக்தன் சொல்வான். 2023 மே மாசம் 14 மெசேஜிங் ஆப்பை மத்திய அரசு பிளாக் பண்ணுச்சே, அந்த லிஸ்ட்ல எலிமெண்ட் இருந்துச்சு, பிரையர் இருந்துச்சு, ரெண்டும் ஓப்பன் சோர்ஸ்தான். அதனால அந்த வாதம் என்கிட்ட எடுபடல.

மத்தபடி மாஸ்டடான் நல்ல இடம், அதுல சந்தேகம் இல்ல. ஏபிஐ எல்லா சர்வர்லயும் திறந்திருக்கு, 5 நிமிஷத்துக்கு 300 கால்னு டீஃபால்ட் லிமிட், சர்வருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற ஆக்டிவிட்டிபப் முறை 2018லேந்து டபிள்யூ3சி (வெப்புக்குப் பொது விதி வகுக்கற அமைப்பு) ஸ்டாண்டர்டு. ஒருத்தர் நினைச்சு மொத்தத்தையும் மூட முடியாது. சர்வர் நடத்தறவர் கடையைச் சாத்தலாம், அப்ப ஃபாலோயரை வேற சர்வருக்குக் கூட்டிட்டுப் போகலாம், பழைய போஸ்ட் மட்டும் கூட வராது. ட்வீட்பாட் பண்ணின டாப்பாட்ஸ் அதே ஜனவரில ஐவரின்னு மாஸ்டடான் ஆப் விட்டுட்டாங்க, கிளையண்ட் ஆப் கட்டற ஆசை இருக்கறவங்களுக்கு இதுதான் இடம். குறை ஒண்ணுதான், ஆள் இல்ல. வக்கீல் சஞ்சய் ஹெக்டே அக்கவுண்டை ட்விட்டர் முடக்கினதுக்கு அப்புறம் 2019 நவம்பர்ல இந்தியால நிறைய பேர் மாஸ்டடானுக்குக் கிளம்பினாங்க, நாங்க கூடத்தான். பாதிப் பேர் பாஸ்வேர்டையே மறந்துட்டோம். பிஜில இருக்கற பையனோட அம்மாவை எந்த சர்வர்ல சேருவீங்கன்னு கேக்க முடியுமா?

ட்விட்டர் மாதிரியே வந்த ப்ளூஸ்கை எக்ஸுக்கும் மாஸ்டடானுக்கும் நடுவுல. 2024 பிப்ரவரில எல்லாருக்கும் திறந்தாங்க. நெட்வொர்க்ல விழற ஒவ்வொரு போஸ்ட்டும் ஒரே ஓடையா வருது, கீ இல்லாமலே கேக்கலாம், எக்ஸ்ல எண்டர்பிரைஸ்காரன் லட்சக்கணக்குல கட்டி வாங்கற சமாச்சாரம் இது. நம்ம போஸ்ட் எல்லாத்தையும் ஒரே ஃபைலா இறக்கிக்கலாம், வேற சர்வருக்கும் நகத்தலாம். டேட்டா வெச்சு விளையாடணும், ஃபீட் அல்காரிதம் எழுதணும், காலேஜ் ப்ராஜெக்ட் பண்ணணும்னா கண்ணை மூடிட்டு இங்க வாங்க. ஆனா இதுவும் முதலீட்டாளர் காசு வாங்கின கம்பெனி, நெட்வொர்க்கோட முக்கியமான பகுதிகளை இன்னமும் பெருசா அவங்களேதான் நடத்தறாங்க, 2006 ட்விட்டரும் இப்படித்தான் சிரிச்ச முகமா இருந்துச்சு. எங்களுக்கு ஒதவாததுக்குக் காரணம் வேற, பெஸ்காம் அங்க போஸ்ட் போடறதில்ல.

உள்ளூர் பிளாட்பார்ம்னு யாராவது கேட்டா, ட்விட்டர் மாதிரி வந்த கூ ஞாபகம் இருக்கா? நம்ம பெங்களூர் கம்பெனி, 2020ல வந்துச்சு, தமிழ் கன்னடம் எல்லாம் இருந்துச்சு, மந்திரிங்க எல்லாம் வந்தாங்க. 2024 ஜூலைல மூடியாச்சு. அங்க ஏபிஐயை மூடறாங்களான்னு கவலைப்பட வேண்டிய அவசியமே வரல.

கடைசியா சொந்த வெப்சைட், ஆர்எஸ்எஸ், ஈமெயில். பழசு, யாருக்கும் கிக் இல்ல. ஆர்எஸ்எஸ் படிக்க இருந்த கூகுள் ரீடரை 2013 ஜூலைல மூடினப்பவே ஆர்எஸ்எஸ் செத்துப் போச்சுன்னாங்க, இன்னைக்கும் பாட்காஸ்ட் எல்லாம் அதுலதான் ஓடுது. ஈமெயில் லிஸ்ட் ஒண்ணுதான் முழுசா நம்ம சொத்து, அனுப்பற கம்பெனி சரியில்லன்னா லிஸ்ட்டை சிஎஸ்வி ஃபைலா இறக்கி அடுத்த கம்பெனிக்குப் போயிரலாம். சிக்கல் என்னன்னா காலைல 10 மணிக்கு கரண்ட் போகும்ங்கற ஈமெயிலை யாரும் 10 மணிக்குள்ள திறக்க மாட்டாங்க.

இதெல்லாம் போட்டுப் பாத்துட்டு எங்க முடிவு இப்படிப் போகுது. எடுக்கறதுக்கு எக்ஸை நம்பறதில்ல, பெஸ்காம், வாட்டர் போர்டு சைட்ல போடற அறிவிப்பு, பேப்பர்ல வர்றது, மிச்சத்துக்கு செட்ல ஒருத்தர் காலைல உக்காந்து கையால டைப் பண்றது. சிரிக்காதீங்க, நாளைக்கு பத்து அறிவிப்பு வருமா, அதுக்கு ஏபிஐ எதுக்கு? மொழிபெயர்ப்பை எப்படியும் ஒரு ஆள் பாத்துத்தான் அனுப்பணும், ஏரியா பேரைத் தப்பா அனுப்பினா அந்தத் தெருவே திட்டும். டிரெயின் ரிமைண்டருக்கு யாரோட டேட்டாவும் வேணாம், 2024 நவம்பர்லேந்து ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடிதான் ஓப்பன் ஆகுது, தீபாவளித் தேதிலேந்து பின்னாடி எண்ணினாப் போதும், வெறும் கேலண்டர் கணக்கு. யோசிச்சுப் பாத்தா நம்ம சர்வீஸ்ல ஜனங்களுக்கு அதிகம் பிடிக்கப் போறது இதுவாத்தான் இருக்கும், இதை எவனும் மூடவும் முடியாது.

கொடுக்கறதுக்கு டெலிகிராம் பாட். ஆனா ஸ்டார்ட் அடிச்ச உடனே ஏரியா கேக்கறதோட ஈமெயிலோ போன் நம்பரோ ஒண்ணு கேப்போம், கட்டாயம் இல்ல, கொடுக்கறவங்க கொடுக்கட்டும், ஏன் கேக்கறோம்னு ஒரு வரில சொல்லிருவோம். அதே அலர்ட் எல்லாம் சொந்த சைட்ல ஏரியாவுக்கு ஒரு பக்கமா, ஆர்எஸ்எஸ்ஸோட. உள்ள கோடுல அனுப்பற பகுதி தனியா, டெலிகிராம் போச்சுன்னா அந்த ஒரு ஃபைலை மாத்தற மாதிரி. எக்ஸ்ல ஃப்ரீயாப் போட வழி இருந்தா அதுலயும் ஒரு காப்பி போடலாம், போனாப் போகுது.

வாட்ஸ்அப்? மூத்தவர் இன்னும் விடல. "அண்ணா, மெசேஜுக்கு மெசேஜ் காசுண்ணா, யார் கட்டுவா"ன்னு கேட்டேன். அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல அலர்ட் வரணும்னா மாசம் 20 ரூபா கொடுக்க 500 பேர் இருப்பாங்கன்னு அவர் அடிச்சுச் சொல்றார். சரி, முதல்ல டெலிகிராம்ல ஓடட்டும், அந்த 500 பேரை அவரே பிடிச்சுட்டு வரட்டும், வந்தா அன்னைக்கே கம்பெனி பேப்பர் எடுக்கறது என் பொறுப்புன்னு சொல்லிருக்கேன்.